சிவப்பு மூடி

அவள் கேட்டது காருக்குப் புது பிரேக். சாப்பாடு போடும்போதும் கேட்டாள், துணி மடிக்கும்போதும் கேட்டாள். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் ஒரே இறக்கம். தினமும் மகளைப் பின்சீட்டில் உட்கார வைத்து அந்த இறக்கத்தில் காரை ஓட்டிக்கொண்டு போகிறவள் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஸ்டியரிங் பிடிக்கிற கணவனுக்கு அந்தக் கவலை எங்கே இருக்கப்போகிறது?

"எல்லாத்தையும் ஒண்ணா மாத்திடறேன். வீலு, டயரு, பிரேக்கு. அப்புறம் பாரு, வளைவுல வண்டி ரோட்டை விட்டு அசையாது" என்று வாய் கிழியச் சொல்லிவிட்டுப் போனவன், சனிக்கிழமை சாயங்காலம் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். பெரிய அலாய் வீல், அகலமான டயர், வீலின் இடைவெளியில் ரத்தச் சிவப்பாக பிரேக். பக்கத்து வீட்டுக்காரர் குனிந்து பார்த்து, "ரேஸ் வண்டி தோத்துடும் சார்" என்றார். கணவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. போனால் போகட்டும், நாம் கேட்டதும் அதில் இருக்கிறதே என்று அவளுக்கும் மனம் குளிர்ந்தது.

திங்கட்கிழமை காலை, இறக்கம் முடிகிற இடத்தில் சிக்னல் விழுந்தது. மிதித்தாள். கார் நிற்கலாமா வேண்டாமா என்று யோசித்தது. சீட்டிலிருந்து எழுந்தே மிதித்தாள். முன்னால் நின்ற பஸ்ஸின் முதுகு கண்ணாடி முழுக்க வந்து அடைத்த பிறகுதான் நின்றது. 'டக்'கென்று ஏதோ கழன்று ஓரமாக உருண்டது.

"அம்மா, நம்ம காருக்குப் பல்லு விழுந்திடுச்சு!" என்றாள் மகள்.

பச்சை விழுந்ததும் ஓரங்கட்டிவிட்டு இறங்கிப் போய் எடுத்தாள். அந்தச் சிவப்பு பிரேக்தான். கையில் கனமே இல்லை. சோப்பு டப்பா மாதிரி வெறும் பிளாஸ்டிக் மூடி. சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தால், துருப்பிடித்த அதே பழைய பிரேக் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தது. வெளியே தெரிந்தால் அசிங்கமாம், அதற்காக முகமூடி மாட்டியிருக்கிறார் துரை! சக்கரத்தைப் பெரிதாக்கி, கனமாக்கி, அதைப் பிடித்து நிறுத்துகிற வேலையை மட்டும் அந்தக் கிழட்டு பிரேக்கின் தலையிலேயே கட்டியிருக்கிறார்.

சாயங்காலம் அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் மூடியை மேசைமேல் வைத்தாள்.

"என்னது இது?"

"அது... கவரு. எல்லாரும் போடறதுதான். பிரேக்க அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு..."

"ஊரு வாய் பொளக்கறதுக்கு இந்த மாசம், பொண்ணு உயிருக்கு அடுத்த மாசமா? என்ன மனுஷன் நீங்க?"

"ஏன் கத்தற? வண்டி நல்லாத்தான் இருக்கு. உனக்கு ஓட்டத் தெரியல, அவ்வளவுதான்."

அவளுக்கு உச்சந்தலையில் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்து மூடியின் பக்கத்தில் போட்டாள்.

"சரி. உங்களுக்குத்தான் ஓட்டத் தெரியுமே. நாளைக்கு நீங்க அவளைக் கொண்டுபோய் விடுங்க."

அவன் சாவியைப் பார்த்தான். தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்த மகளைப் பார்த்தான். சாவியைத் தொடவில்லை.

"நாளைக்கு ஒரு நாள்... பஸ்லயே கூட்டிட்டுப் போறேனே."

அதற்குமேல் அவள் கத்தவில்லை.

"அப்போ தெரிஞ்சேதான் என் கையில சாவியக் குடுத்தீங்க" என்றாள்.