குண்டுவுக்கு இரண்டாவது ஊசி

அந்த வீட்டில் ஓரகத்திகள் இருவர். மூத்தவள் கீழ்த்தளத்தில், இளையவள் மாடியில். பூனை ஒன்றுதான், ஆனால் அதற்குப் பெயர் இரண்டு. எந்த வேலையும் செய்யாமல் எல்லாரையும் மேற்பார்வை பார்ப்பதால் மாடியில் அது மேனேஜர். கீழே வெறும் குண்டு. மாடியில் சாப்பிட்டுவிட்டு, உலகத்தில் ஒரு பருக்கைகூடக் கிடைக்காத முகத்தோடு கீழே இறங்கி வந்து மறுபடி சாப்பிடும் பூனைக்கு அதுதான் பொருத்தமான பெயர் என்பது மூத்தவளின் கட்சி.

மூத்தவள் முன்னறையில் மெஷின் போட்டு ஜன்னல் திரைகள் தைத்துக் கொடுத்தாள். இளையவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவாள். போன வருடம் யாரோ கைவிட்ட பூனை மாடிப்படியில் வந்து உட்கார்ந்தபோது, அதைக் கூடையில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அவள்தான். ஒரே நாளில் மூன்று தடுப்பூசி. பூனையைக் கீழே விட்டுவிட்டு, கூடையை மாடியில் வைத்துப் பூட்டிக்கொண்டு கடைக்கு ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில், துணிக் குவியலில் படுத்திருந்த பூனை வாந்தி எடுத்தது. துடைக்கக் குனிந்த மூத்தவள் அதன் முகத்தைப் பார்த்து அரண்டுபோனாள். மூக்கும் உதடும் பன் மாதிரி உப்பி, கண் இரண்டும் கோடாகிவிட்டிருந்தன. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. தைத்துக்கொண்டிருந்த திரையிலேயே அதைச் சுற்றி எடுத்துக்கொண்டு செருப்புகூடப் போடாமல் ஓடினாள். ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆஸ்பத்திரியில் அதற்கு மருந்து கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். சாயங்காலம் இளையவள் வந்தபோது வீக்கம் வடிந்து, பூனை மெஷின் பலகையில் கால் நீட்டிப் படுத்திருந்தது. அடுத்த மாதம் போட வேண்டிய இரண்டாவது ஊசியைப் பற்றி அதன்பின் மூத்தவள் பேச்செடுக்கவே விடவில்லை.

இப்படியே ஒரு வருடம் ஓடியது. பிறகு தெருக்கோடி ரொட்டிக்கடையில் பூனைக்குட்டிகள் செத்தன. முதல் நாள் வாந்தி, பேதி, மறுநாள் எழுந்திருக்கவில்லை. தாய்ப்பூனையும் போய்விட்டது. ரொட்டிக்கடைக்காரர் சொல்லும்போதே கண் கலங்கினாராம். இளையவள் அன்று செருப்பை வாசலுக்கு வெளியிலேயே விட்டுவிட்டு நேராக முன்னறைக்கு வந்தாள்.

"அக்கா, இனிமேலும் தள்ளிப்போட முடியாது. மேனேஜருக்கு ஊசி போட்டே ஆகணும்."

"அது வாசப்படி தாண்டுறதே இல்ல. ரொட்டிக்கடைப் பூனை நம்ம வீட்டுக்கு விருந்துக்கா வருது?"

"அந்தக் கிருமி செருப்புல ஒட்டிக்கிட்டே வந்துடுமாம். நான் தினம் அந்த வழியாத்தான் வரேன். மாமா அங்கதான் ரொட்டி வாங்குறாரு."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா, அதாவது மூத்தவளின் கணவர், சூழ்நிலையைக் கொஞ்சம் லேசாக்கலாம் என்று நினைத்தார். "நாள் முழுக்க ஊசியும் கையுமா இருக்கிறவ, ஒரு ஊசிக்குப் போய் இப்படிப் பயப்படுறியே?"

இரண்டு பெண்களும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

மூத்தவள் மெஷினை நிறுத்தினாள். "நீ போட்டுட்டு வேலைக்குப் போயிடுவ. அன்னிக்கு அது மூச்சுக்குத் தவிச்சத பாத்தது நான். என் கையிலயே போயிடும்னு நெனச்சேன். நீ வந்தப்ப ஜம்முனு படுத்திருந்துச்சு. உனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

குரலை உயர்த்தவில்லை. ஆனால் ஒரு வருடமாக அடக்கி வைத்திருந்த பேச்சு என்பது இளையவளுக்குப் புரிந்தது. தரையில் உட்கார்ந்து, கிடந்த நூல்துண்டுகளைப் பொறுக்கினாள்.

"டாக்டரம்மாகிட்ட ரெண்டு பேருமே போவோம்க்கா. கேப்போம். நீங்க சரின்னு சொல்லாம ஊசி போட மாட்டேன்."

மறுநாள் போனார்கள். டாக்டரம்மா அவசரப்படாதவர். பூனையை எடை பார்த்தார், வாய்க்குள் பார்த்தார், மூத்தவள் சொன்னதை முழுதாகக் கேட்டார்.

"உங்க பயம் நியாயமானதும்மா. ஊசி போட்ட பூனைங்கள்ல ரொம்பக் கொஞ்சத்துக்குத்தான் இப்படி ஆகும். ஆனா ஒரு தடவை ஆன பூனைக்கு மறுபடி ஆக வாய்ப்பு அதிகம். அதை மறைச்சுப் பேச மாட்டேன்."

"அப்போ போடாம விட்டுடலாமா?"

"ரொட்டிக்கடையில நடந்ததச் சொன்னீங்களே, அந்த நோய் வந்துட்டா பிழைக்கிறது கஷ்டம். தெருவுல வேற இப்போ இருக்கு. அன்னிக்கு மூணு ஊசி போட்டதுல எது ஒத்துக்கலைன்னு இப்ப சொல்ல முடியாது. அன்னிக்குப் போட்ட வெறிநோய் ஊசி மூணு வருஷம் தாங்கும், அதுக்கு இன்னும் காலம் இருக்கு. ரத்தப் புற்று ஊசி, வேற பூனையோட பழகாத பூனைக்குத் தேவையில்ல. அந்த ரெண்டையும் விட்டுடலாம். மிச்சம் இது ஒண்ணுதான்."

மூத்தவள் யோசித்தாள். "முதல் ஊசியே இன்னும் அதுக்குள்ள வேலை செய்யுதான்னு தெரிஞ்சுக்க வழி இருக்கா?"

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "ரத்தம் எடுத்துப் பாக்கலாம். எதிர்ப்புச் சக்தி போதுமான அளவு இருந்தா ஊசி வேணாம்."

அப்படி இருந்துவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. பூனை யார் பக்கமும் திரும்பாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு ரத்தம் கொடுத்தது. முடிவு வரும்வரை வீட்டில் யாரும் செருப்போடு உள்ளே வரவில்லை. ரொட்டி வேறு தெருவிலிருந்து வந்தது; அது நன்றாக இல்லை என்பதை மாமா மட்டும் இரண்டு முறை சொன்னார்.

போன் வந்தபோது இளையவள் கடையில் இருந்தாள். எடுத்தது மூத்தவள். எதிர்ப்புச் சக்தி போதவில்லை என்றார் டாக்டரம்மா. நன்றி சொல்லி வைத்துவிட்டு, பாதியில் நின்ற திரையை ஓரம் மடித்துத் தைத்து முடித்தாள். பிறகு இளையவளைப் போனில் கூப்பிட்டாள்.

"போட்டுடலாம். ஆனா போட்ட உடனே வீட்டுக்கு வரக்கூடாது. அங்கேயே உக்காரணும். நீயும்தான்."

"லீவு சொல்லிடுறேன்க்கா."

ஒத்துக்கொள்ளாமல் போனால் உடனே கொடுக்க மருந்தை எடுத்து வைத்துக்கொண்ட பிறகுதான் டாக்டரம்மா ஊசி போட்டார். காத்திருக்கும் அறையில் நீளமான பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். கூடை நடுவில். எதிரே ஒரு நாய் தன் கழுத்துப் பட்டியைச் சொறிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, பூனை முன்காலால் காதைத் தேய்க்க ஆரம்பித்தது. இளையவள் கூடையைத் திறந்தாள். காது சிவந்திருந்தது. ஒரு கண்ணின் இமை தடித்துக்கொண்டு வந்தது.

"அக்கா, வீங்குது! அக்கா!" அவள் கூடையைத் தூக்கப் பார்த்து, முடியாமல் விட்டாள்.

மூத்தவள் பூனையை எடுத்து மடியில் வைத்து விலாவில் உள்ளங்கையைப் பதித்தாள். "மூச்சு நல்லா வருது. பதறாத. போய் டாக்டரம்மாவக் கூப்பிடு, ஓடு."

மருந்து உடனே ஏறியது. இமை அதற்குமேல் தடிக்கவில்லை. வெயில் சாயும் நேரத்துக்குள் காதும் பழைய நிறத்துக்கு வந்தது. வாந்தி இல்லை. டாக்டரம்மா அதுவரை அவர்களை அனுப்பவில்லை. "இனிமே எந்த ஊசியும் எடுத்தவுடனே கிடையாது," என்றார். "முதல்ல ரத்தம் பாப்போம். போதலைன்னாதான் ஊசி."

வெளியே வந்ததும் இளையவள் ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து நின்றாள். "இத்துனூண்டு வீங்குனதுக்கே எனக்கு உயிர் போயிடுச்சு. அன்னிக்கு நீங்க தனியா..." மூக்கை உறிஞ்சினாள்.

"சரி விடு. இன்னிக்கு இருந்தல்ல," என்றாள் மூத்தவள். "கூடைய நீ தூக்கு. இந்தக் கனத்துக்கு மேனேஜர்னு பேர் வச்சா அடுக்குமா?"

இளையவள் சிரித்துக்கொண்டே தூக்கினாள். ரொட்டிக்கடைத் தெருவைத் தவிர்த்து, சுற்று வழியாகவே நடந்தார்கள். பூனை கூடைக் கம்பியில் முகத்தை அழுத்தி, போகிற வருகிறவர்களிடமெல்லாம் இருவரையும் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டே வந்தது.