ஆழத்துக்கு ஏற்ற மோட்டார்

அத்திக்குழியில் மோட்டார் என்றால் கிணற்று மோட்டார்தான். இருபது அடிக் கிணற்றுக்கு எத்தனை எச்பி, நாற்பது அடிக்கு எத்தனை, போர்வெல்லுக்கு எத்தனை என்று தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் அந்த ஊர்க்காரர் சொல்லிவிடுவார். பெண் கொடுக்க விசாரிக்கிறவர்கள்கூட மாப்பிள்ளை வீட்டில் எத்தனை எச்பி ஓடுகிறது என்று கேட்டுவிட்டுத்தான் மாப்பிள்ளையின் பெயரைக் கேட்பார்கள். ஜவ்வாது மலையின் அந்த மூலையில் ஐம்பத்திரண்டு வருடமாகச் சாமையும் புளியுமே கதி என்று கிடந்த கோபால்சாமி, ஒரு படகு செய்து அதற்கு மோட்டார் தேடக் கிளம்பியபோது இந்த ஒரு ஞானம்தான் அவர் கையில் இருந்தது. அது போதும் என்று நினைத்தார் பாருங்கள், அங்கேதான் வினை பிடித்தது.

படகு யாருக்கு என்றால், அவர் மனைவி சாந்தம்மாளுக்கு. ஊரை ஒட்டிய ஏரிக்கு அக்கரையில் உள்ள பள்ளிக்கூடத்தில் அவள் பதினோரு வருடமாகச் சமையல் வேலை பார்க்கிறாள். இதுவரை மதியச் சாப்பாடு மட்டும்தான். பத்து மணி பஸ் ஒன்று சுற்றிக்கொண்டு போகும், அதில் போய்விடுவாள். இந்த வருடம் காலைச் சாப்பாடும் சேர்ந்துகொண்டது. ஆறரைக்கு அடுப்பு பற்ற வேண்டும். அந்த நேரத்துக்கு மலையில் பஸ் ஏது? ஏரியைச் சுற்றிக் காட்டுப் பாதையில் இரண்டு மணி நேர நடை. இரண்டு முறை கரடியை எதிரில் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். தலைமை ஆசிரியை சுவேதா நல்ல மாதிரிதான். ஆனாலும் ஐந்து மாதம் எப்படியாவது சமாளிக்கலாம், அதற்கு அடுத்த ஒன்றாம் தேதியிலிருந்து நேரத்துக்கு வர முடியாது என்றால் அக்கரையிலேயே வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும் என்று தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டார்.

சாந்தம்மாளுக்குச் சொந்தத்தில் பிள்ளை இல்லை. அங்கே நாற்பத்தாறு பிள்ளைகள். எவனுக்குக் கத்தரிக்காய் ஆகாது, எவள் முட்டையின் மஞ்சள் கருவை ஒளித்து வைப்பாள் என்று ராத்திரிச் சாப்பாட்டில் அவள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு வீட்டிலிருந்து போய்விடுமே என்பதுதான் கோபால்சாமியின் பயம். வாயைத் திறந்து அப்படிச் சொல்ல அவருக்கு வராது. அதனால் படகு செய்தார்.

ப்ளைவுட் பலகை பஸ் கூரையில் ஏறி வந்தது. மாட்டுக் கொட்டகையில் வைத்து நான்கு மாதம் வேலை. கொட்டகைக்குள் வேலை செய்ய எவ்வளவு நீளம் இருந்ததோ அவ்வளவு நீளம், பன்னிரண்டு அடி. வாசல் எவ்வளவு விட்டதோ அவ்வளவு அகலம், மூன்று அடி. அடிப்பாகம் மனைப்பலகை மாதிரி தட்டை. சந்து பொந்தெல்லாம் பசை வைத்து அடைத்து, ஏரியில் இறக்கினால், ஆச்சரியம், மிதந்தது.

சாந்தம்மாள் கரையில் நின்று பார்த்தாள். நிபந்தனை ஒன்று போட்டாள்.

"நானு ஏறணும்னா, என் எடைக்கு மூட்டய வச்சி ரெண்டு தபா போய்ட்டு வந்து காட்டுங்க. அப்பறம் பாக்கலாம்."

இனி மோட்டார் ஒன்றுதான் பாக்கி. கோபால்சாமி முறைப்படி ஆரம்பித்தார். அதாவது, ஏரியின் ஆழத்தை அளந்தார். லாரி ட்யூபில் உட்கார்ந்து நடு ஏரிக்குப் போய், கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினார். நாற்பத்திரண்டு அடி. பக்கத்து வீட்டு தமிழ்மணியிடம் ஆலோசனை கேட்டார். தமிழ்மணி ஏழரை எச்பிக்குச் சொந்தக்காரர். ஊரில் அதற்கு மேல் கிடையாது என்பதால் எல்லா விஷயத்திலும் மூக்கை நுழைக்க அவருக்கு உரிமை இருந்தது. இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். நாற்பத்திரண்டு அடி ஆழத்துக்கு ஐந்து. அக்கரை ஆயிரத்து எழுநூறு அடி தூரம், அவ்வளவு தூரத்துக்குக் குழாய் போட்டால் என்ன ஆகுமோ அந்த இழுவைக்கு இன்னொரு ஐந்து. சாந்தம்மாள், அரிசி, பருப்பு சேர்த்து மூன்று. கடைசியில், எதற்கும் இருக்கட்டும், பெண்பிள்ளை ஏறுகிற வண்டியாயிற்றே என்று பாதுகாப்புக்கு இரண்டு. ஆகப் பதினைந்து.

இந்தப் பதினைந்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாணியம்பாடியில் கனீஸ் ஃபாத்திமாவின் கடைக்குப் போனார். பம்ப்செட் கடைதான். அணைக்கட்டுகளில் மீன் பிடிக்கிறவர்களுக்காகப் படகு மோட்டாரும் நாலைந்து வைத்திருந்தார் அந்த அம்மாள். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் படகு எத்தனை அடி நீளம் என்று கேட்டார். நாற்பத்திரண்டு அடி ஆழம் என்றார் கோபால்சாமி. பின்பக்கம் எத்தனை அடி அகலம் என்று கேட்டார். நடுவில் நாற்பத்திரண்டு, ஓரத்தில் போகப் போகக் குறையும் என்றார் இவர். கனீஸ் ஃபாத்திமா கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"அண்ணா, படகு ஏரித் தண்ணிய மேல எறைக்கப் போவுதா, தண்ணி மேல போவப் போவுதா?"

கோபால்சாமிக்குச் சுருக்கென்றது. அந்த அம்மாள் விடவில்லை. மோட்டார் படகைத் தள்ளத்தான் போகிறது, கீழே நாலடி இருந்தாலும் நாற்பதடி இருந்தாலும் அதற்கு ஒன்றுதான் என்றார். நீளத்தையும் பின் அகலத்தையும் வாங்கிப் பெருக்கினார். முப்பத்தாறு வந்தது. அந்த அளவுள்ள படகுக்கு ஐந்து வரை போகலாம், ஆனால் தட்டை அடியாக இருப்பதால் ஒரு படி இறங்கி மூன்று எச்பி, அதற்கு மேல் ஒரு நூல்கூடக் கூடாது என்றார். பெரிய மோட்டார் கனத்திலேயே பின்பலகையை அமுக்கிவிடும், கைப்பிடியை முறுக்கினால் படகு எழுந்து நின்றுவிடும் என்றும் சொன்னார். மூலையில் ஒரு பதினைந்து இருந்தது. அதைத்தான் கொடுங்கள் என்று கோபால்சாமி ஒற்றைக்காலில் நின்றார். தர முடியாது என்று கடைக்காரியே சொல்லி அவர் அன்றைக்குத்தான் கேட்டார்.

மூன்று எச்பி! கத்தரிச் செடிக்குத் தண்ணீர் விடுகிறவன் வைத்திருப்பது. அதை ஊருக்குள் எந்த முகத்தோடு கொண்டுபோவது? வெறுங்கையோடு மலையேறினார்.

தமிழ்மணி இதைக் கேட்டுவிட்டுக் கடைக்காரிக்கு என்ன தெரியும் என்று சிரித்தார். அவர் மச்சான் ஒருவர் கிருஷ்ணகிரிப் பக்கம் பெரிய படகு வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் படகின் பதினைந்து எச்பி, சரக்கு ஆட்டோவில் கம்பளி போர்த்திக்கொண்டு வந்து இறங்கியது. தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. ஊரே ஏரிக்கரையில் கூடிவிட்டது. பின்பலகையில் மோட்டாரை மாட்டியதும், தண்ணீருக்கு மேல் ஒரு சாண் நின்றிருந்த பலகை நாலு விரலுக்கு இறங்கியது. கோபால்சாமி அதைப் பார்த்தார். பார்த்ததை யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிலும் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். பலகை இரண்டு விரலுக்கு வந்தது. சாந்தம்மாளுக்குப் பதிலாக ஒரு சாமை மூட்டையை நடுவில் வைத்தார்கள்.

மோட்டார் உறுமியது. கோபால்சாமி முறுக்கினார். மேய்ச்சலில் மிரண்ட காளை மாதிரி படகின் முன்பாகம் எழுந்தது. சாமை மூட்டை உருண்டு வந்து அவர் மடியில் உட்கார்ந்தது. பின்பலகைக்கு மேலாக ஏரி உள்ளே வந்தது. கரையிலிருந்து பதினைந்து அடி போயிருப்பார், அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மானம் கப்பலேறும் என்பார்கள். கோபால்சாமியின் மானம் கப்பலேறி, அந்தக் கப்பலும் கவிழ்ந்தது. நாற்பத்திரண்டு அடி ஆழத்துக்குக் கணக்குப் போட்டவர் இடுப்பளவுத் தண்ணீரில் முழுகி எழுந்தார், மூட்டையைக் கட்டிப் பிடித்தபடி.

ஊர் சிரித்தது. தமிழ்மணி மட்டும் சிரிக்கவில்லை, மச்சானுக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை அவருக்கு. சாந்தம்மாளும் சிரிக்கவில்லை. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்து, உடைந்து தொங்கிய பின்பலகையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அந்தக் கடக்கார அம்மா எத்தினி சொன்னாங்க?"

கோபால்சாமிக்குப் பொய் சொல்லத் தெம்பு இல்லை. மூன்று என்றார். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. ஒன்றாம் தேதிக்கு நான்கு நாள்தான் இருந்தது. அன்று ராத்திரி எந்தப் பிள்ளை கதையும் சொல்லாமல் அவள் சாப்பிட்டு எழுந்தாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுப் பத்து மணி பஸ்ஸில் அவளே வாணியம்பாடிக்குக் கிளம்பினாள். படகின் நீளத்தையும் அகலத்தையும் முழம் போட்டு அளந்துகொண்டு போனாள். மாலை பஸ்ஸில் திரும்பினாள், பதினேழு கிலோ மோட்டாரைக் கோணிப்பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு. இரண்டு ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகளும் கூட வந்தன. அது இல்லாமல் மோட்டார் கொடுக்க மாட்டேன் என்று கனீஸ் ஃபாத்திமா சொல்லிவிட்டாராம். கோபால்சாமி திங்களும் செவ்வாயும் கொட்டகையை விட்டு வெளியே வராமல் பின்பலகையைப் புதிதாகப் போட்டார். மோட்டார் மாட்டியதும் பலகை முக்கால் சாண் மேலே நின்றது. புதன்கிழமை மூட்டையோடு இரண்டு முறை போய் வந்து காட்டினார். மாட்டுவண்டி வேகம்தான். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. கரையில் நின்ற தமிழ்மணி, சத்தமே இல்லையே என்று குறை சொன்னார்.

ஒன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு இருவரும் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு படகில் ஏறினார்கள். கோபால்சாமி பின்னால் போய் உட்காரப் பார்த்தார். சாந்தம்மாள் அவரை முன்னால் போகச் சொன்னாள். கடையில் தண்ணீர்த் தொட்டியில் வைத்து மோட்டார் ஓட்டக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாளாம்.

"அப்ப நான் இன்னாத்துக்கு?"

"ஓட்றவங்க பின்னால குந்துனா, முன்னால பாரம் வேணும்னு அந்தம்மா சொன்னாங்க. குந்துங்க."

பதினோரு வருடம் அண்டா தூக்கிய கை. ஒரே இழுப்பில் மோட்டார் பிடித்துக்கொண்டது. படகு செய்தவர் பாரமாக முன்னால் உட்கார்ந்துகொண்டார். நடு ஏரியில் அவருக்கு நாற்பத்திரண்டு அடி ஞாபகம் வந்தது, மிதவைச் சட்டையின் வாரை இறுக்கிக்கொண்டார். ஆறு நிமிடத்தில் அக்கரை. படகு வருகிறதாம் என்று கேள்விப்பட்டு அந்த நேரத்துக்கே பாதிப் பள்ளிக்கூடம் கரையில் நின்றிருந்தது. சாந்தம்மாள் இறங்குவதற்குள் நாலைந்து பிள்ளைகள் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டன. இத்தனை வருடத்தில் கோபால்சாமி அந்தப் பிள்ளைகளைப் பார்த்ததே இல்லை. முட்டைக் கருவை ஒளித்து வைப்பவள் எவளாக இருக்கும் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

சுவேதா டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஆறு எட்டு. படகு எங்கே வாங்கியது என்று வியந்து கேட்டார். கோபால்சாமி குனிந்து கயிற்றைக் கட்டுகிற மாதிரி இருந்தார். அந்தக் கேள்விக்குச் சாந்தம்மாள் என்ன சொல்லப் போகிறாள் என்று காது மட்டும் அவள் பக்கம் இருந்தது.

"வாங்கலீங்க டீச்சர். எங்க வூட்டுக்காரரு செஞ்சது. நாலு மாசம், தனியாளா. மோட்டார் மட்டும்தான் நானு வாங்கினது."

சொல்லிவிட்டுப் பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு சமையல் கூடத்துக்குப் போய்விட்டாள், அடுப்பு பற்ற வைக்க நேரமாகிவிட்டது என்று. கோபால்சாமி கட்டிய முடிச்சையே மறுபடி அவிழ்த்துக் கட்டினார். கண் கலங்கியிருந்தது, அதை டீச்சர் பார்க்க வேண்டாம் என்று நினைத்தார்.