மார்லிஸுக்கு லேசாக ஒரு கோல்

ஓரின் ஹாகன் அந்த வசந்தத்தில் மூன்றாவது முறையாக கோர்டியின் தூண்டில் கடைக்குள் நுழைந்தார். இந்த முறை அக்குளில் ஒரு தராசு இருந்தது. மார்லிஸ் கம்பளி நூல்கண்டுகளை எடை போட வைத்திருந்த சின்னத் தராசு. ஜனவரியில் விரல்களுக்குள் ஊசி நிற்காமல் போனதிலிருந்து அவள் பின்னுவதில்லை. தராசு அலமாரியில் சும்மா கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஓரினுக்குத் தன் மனைவியின் கைதான் ஞாபகம் வந்தது. அதனால் அதற்கு ஒரு வேலை கொடுத்துவிட்டார்.

"என்னய்யா, என் கடைக்கே தராசு தூக்கிட்டு வர்ற?" என்றார் கோர்டி.

"உன் நாக்கை நம்பறதுக்கு இதை நம்பலாம்."

"அதுவும் சரிதான்."

கோர்டி மேசையில் கிடந்த புழு டப்பாக்களை ஒதுக்கி இடம் பண்ணிக் கொடுத்தார். நாற்பது வருடச் சினேகம். யாருக்காகத் தூண்டில்கோல் என்று அவர் கேட்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, மார்லிஸின் நோய் மளிகைக்கடை வரைக்கும் தெரியும். ஆனால் மினசோட்டாவின் அந்த ஏரிக்கரையில் ஆண்பிள்ளைகள் முகத்துக்கு நேராக எதையும் கேட்டுவிட மாட்டார்கள். சாவு வீட்டில்கூடக் கதவுக் கீலைப் பற்றித்தான் பேசுவார்கள்.

அந்த நோய்க்கு நீளமாக ஒரு பெயர் உண்டு, ஓரின் அதை வாயால் சொன்னதில்லை. முதலில் கை போகும், பிறகு கால், பிறகு மூச்சு என்று டாக்டர் வரிசையாகச் சொன்னார், பஸ் நிற்கும் இடங்களைச் சொல்வது மாதிரி. மருந்து என்ன என்று கேட்டதற்கு, "வலியில்லாம பார்த்துக்கலாம்" என்றார். ஓரின் முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூட பஸ்களைப் பழுது பார்த்தவர். எந்த வண்டியையும் கழற்றிப் பூட்டி ஓட வைத்துவிடுவார் என்று பெயர் வாங்கியவர். வீட்டுக்குள் கண்ணெதிரே ஒன்று கழன்றுகொண்டே போகிறது, ஒரு திருகைக்கூட அவரால் முறுக்க முடியவில்லை.

மார்லிஸ் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஜூன்ல சன்னி கரையோரம் முட்டை போட வருமில்ல. இந்த வருஷமும் நான் பிடிக்கணும். நானே பிடிக்கணும், ஓரின்."

சன்னி என்பது உள்ளங்கை அகலச் சப்பட்டை மீன். அதற்குப் பெரிய கோல் வேண்டாம். ஆனால் அவளுடைய பழைய கோலை ஏப்ரலில் அவளால் தூக்க முடியவில்லை. அடுத்து வாங்கியது மே மாதத்தில் கனத்துவிட்டது. கோல் லேசாக லேசாகக் கையும் போட்டி போட்டுக்கொண்டு இளைத்தது.

தராசில் முதலில் வைத்தது ஏழடிக் கோல். முள் அதிகம் நகரவில்லை. ஓரினின் முகம் மலர்ந்தது.

"இதைக் கொடு."

"எடையைப் போட்டு என்னத்தைக் கண்ட?" கோர்டி அதில் நூல் சுற்றும் ரீலை மாட்டி நீட்டினார். "இப்பப் பிடி. அப்படியே பிடிச்சுக்கிட்டு நில்லு. கோல் மூக்கு கவிழுதா?"

"கொஞ்சம்."

"அந்தக் கொஞ்சத்தைத் தூக்கறது மணிக்கட்டு. நாள் முழுக்கத் தூக்கணும். தராசு சொல்லுமா இதை?"

அடுத்து ஐந்தரை அடிக் கோல் ஒன்று. அதன் கைப்பிடி பருமன், விரல் மடக்கினால் சுற்றி வராது. கோர்டி அதைச் சுவரில் திருப்பி மாட்டும்போது முகத்தைக் காட்டாமலே கேட்டார். "இப்ப எத்தனை விரல் மடங்குது?"

"மூணு." பிறகு, "நேத்து மூணு" என்றார் ஓரின்.

"சரி."

கோர்டி பின்கட்டுக்குப் போய் ஐந்தடியில் ஒன்று கொண்டுவந்தார். பென்சில் கனம்தான் இருக்கும், கைப்பிடிகூட ஒல்லி. ரீல் மாட்டிய பிறகு ஒற்றை விரல்மேல் வைத்தால் கவிழாமல் நின்றது. நுனியைப் பிடித்து இழுத்தால் பாதிவரை வளைந்தது. "மீன் இழுக்கற இழுப்பை இதுவே வாங்கிக்கும்யா. கைக்கு வராது."

அந்த ஊரில் எல்லோரும் கோல் வாங்கும் விதம் ஒன்றுதான். கடை நடுவில் நின்று காற்றில் ஆட்டிப் பார்ப்பார்கள், தலையை ஆட்டுவார்கள், வாங்குவார்கள். ஓரினும் ஆட்டினார். கோர்டியும் வாங்கி ஆட்டினார். இருவருக்கும் பரம திருப்தி. கடைக்குள் காற்றுதான் இருக்கிறது, மீன் இல்லை என்பது இரண்டு கிழங்களுக்கும் தெரியாததல்ல. தெரிந்தே அதைப் பேசாமல் விட்டார்கள்.

ஜூன் முதல் வாரத்தில் ஒரு காலை. நாணல் ஓரமாகத் தண்ணீரில் தர்பூசணி வெட்டிய வாசனை வந்தது. சன்னி முட்டையிடும் இடத்தில் அப்படித்தான் மணக்கும் என்பது மார்லிஸின் கட்சி. ஓரின் நங்கூரத்தை இறக்கி, முள்ளில் புழு கோத்து, கோலை அவள் கையில் வைத்தார். அவள் இரண்டு கையாலும் ஊசலாட்டிவிட்டாள். தக்கை நாலு முழம் தள்ளி விழுந்தது, உடனே அமிழ்ந்தது.

முதல் சன்னி படகுக்குள் வந்து துள்ளியது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் அவள் மூச்சு வாங்கினாள், ஆனால் முகம் சிவந்து பத்து வயது குறைந்துவிட்டாள்.

"நீ பிடிக்க வந்தியா, புழு கோக்க வந்தியா?" என்றாள்.

"உனக்குச் சேவகம் பண்ண வந்தேன்."

"சம்பளம் கிடையாது, சொல்லிட்டேன்."

ஓரின் சந்தோஷத்தில் கோலை வாய்விட்டுப் புகழ்ந்தார். கோர்டியின் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்போல் இருந்தது.

நான்காவதாக மாட்டியது சன்னி அல்ல, சின்ன பாஸ் மீன். முக்கால் அடிகூட இருக்காது. அது தண்ணீரைவிட்டு எம்பி விழுந்து, படகுக்கு அடியில் பாய்ந்தது. கோல் கைப்பிடி வரைக்கும் வளைந்தது. மார்லிஸின் சுட்டுவிரல் தானாக விரிந்தது. பிறகு நடுவிரல்.

அந்த ஏரியில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மீன் மாட்டியிருக்கும்போது அடுத்தவர் கோலைத் தொடக்கூடாது. தொட்டால் மீன் தொட்டவருடையது, பிடித்தவருக்குப் பிடித்த பேர் கிடையாது. மார்லிஸ் இதில் மகா கறார். கல்யாணமான புதிதில் உதவுகிறேன் பேர்வழி என்று ஓரின் ஒருமுறை தொட்டுவிட்டார். அன்றைக்கு அந்த மீனை வறுத்து அவர் தட்டில் மட்டும் வைத்து, "உன் மீனு, நீயே தின்னு" என்றாள். இரண்டு நாள் பேச்சில்லை. அதற்குப் பிறகு அவள் தவறவிட்ட மீன்களை அவர் கை கட்டிக்கொண்டுதான் பார்த்திருக்கிறார்.

இப்போதும் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். கோல் ஒவ்வொரு அங்குலமாக அவள் கையிலிருந்து நழுவியது. மீனை அவள் பார்க்கவில்லை, தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சொன்ன பேச்சு கேட்காத பிள்ளைகளைப் பார்ப்பதுபோல. பிறகு நிமிர்ந்து ஓரினைப் பார்த்தாள். தொடாதே என்று சொல்லவில்லை.

அவர் பிடித்துவிட்டார். கைப்பிடி படகு விளிம்பைத் தாண்டும்போது எட்டிப் பிடித்து, மீனை இழுத்து உள்ளே போட்டார். போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். இப்போது வரும், முப்பத்தெட்டு வருடத்து வசவு மொத்தமும் வரும். வரட்டும் என்று காத்திருந்தார்.

"நல்லவேளை பிடிச்ச. தேங்க்ஸ், ஓரின்."

கடை வாசலில் கதவைத் திறந்துவிடும் யாரோ ஒருவரிடம் சொல்லும் குரல்.

"நான் தொட்டுட்டேன், மார்லிஸ்."

"பார்த்தேன்."

"இது என் மீனு. உன்னுது இல்ல."

"பரவாயில்ல."

"பரவாயில்லன்னு சொல்லாத. திட்டு. நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேளு."

அவள் சிரித்தாள். வலது கையை இடது கையால் தூக்கி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "கோலு ரொம்ப நல்லா இருக்கு. கோர்டிகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு."

"இதைவிட லேசா ஒண்ணு வரவழைச்சுத் தரச் சொல்றேன். வெளியூர்ல கிடைக்கும். எங்கயாவது இருக்கும்."

அவள் கண்ணை இடுக்கி நாணல் பக்கம் பார்த்தாள். "வெயில் ஏறுது. சன்னி இன்னும் நிக்குது பாரு. நீ போடு, நான் பார்க்கறேன்."

ஓரின் மாட்டேன் என்றார். அவள் மறுபடியும் போடச் சொன்னாள், கெஞ்சுகிற மாதிரி. அவள் அவரிடம் எதற்கும் கெஞ்சியதே இல்லை. அவர் புழு கோத்துத் தக்கையை நாணல் ஓரமாகப் போட்டார்.

தக்கை ஒருதடவை நடுங்கி அமிழ்ந்தது. "இழு" என்றாள் மார்லிஸ், தன் மடியில் கிடந்த கையைப் பார்த்தபடி.

அவர் இழுத்தார். அவர் கைக்கு அந்தக் கோலில் எடையே தெரியவில்லை.