ஜூடு கழுவிய பல்

1

இந்தக் கதை என் கடைவாய்ப் பல்லிலிருந்து வந்தது. பழங்காநத்தத்தில் ஒரு கிளினிக்கில், வேர் சிகிச்சைக்காக வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தேன். பல்லின் வேரைக் கழுவப் பீய்ச்சிய மருந்தில் பிளீச்சிங் பவுடர் வாசனை. 'இது வேரைத் தாண்டி எலும்புக்குள் போனால் என்ன ஆகும் டாக்டர்?' என்று கேட்க நினைத்தேன். அவர் விரல்கள் வாய்க்குள் இருந்ததால் கேள்வி உள்ளேயே தங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும், என் வழக்கப்படி அதோடு ஒரு கல்யாணத்தைச் சேர்த்துவிட்டேன்.

2

முதல் வரி: 'பல் டாக்டர் ஜூடு, தனக்கு நிச்சயமாகியிருந்த டயானாவின் கண்களையே பார்த்தபடி ஊசியை...'

(அடித்துவிட்டேன். கண்ணைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கழுவுகிறவனிடம் யார் போவார்கள்?)

மறுபடியும்: 'ஜூடு மிகக் கவனமாக...'

(கவனமாக இருந்தால் கதையே இல்லை. அடித்த வரியையே திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நடந்தது அதுதான்.)

அந்த ஒரு நொடியில் ஊசிமுனை வேருக்குள் இறுகிக்கொண்டது. அது தெரியாமல் ஜூடு மருந்தை அழுத்திவிட்டான். டயானா அலறிக்கொண்டு எழுந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கன்னம் வீங்கியது.

[இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். கிருமியையும் அழுகிய சதையையும் கரைப்பதுதான் அந்த மருந்தின் வேலை. வேர்நுனியைத் தாண்டிவிட்டால் அதற்கு நல்ல சதை, கெட்ட சதை தெரியாது. திசுவைப் பொசுக்கும், சின்ன ரத்தக்குழாய்களை உடைக்கும், எலும்பையும் நரம்பையும் சீண்டும். பெரும்பாலும் ஆறிவிடும். அந்தப் 'பெரும்பாலும்' இருக்கிறதே, அதில்தான் டயானா மாட்டிக்கொண்டாள்.]

ஜூடு அவளை உடனே தன் கிளினிக்கின் பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனான். எலும்புக்கு ஒன்றுமில்லை, வீக்கம் வடிந்துவிடும் என்றார் அவர். மரத்துப்போன மேலுதட்டைப் பற்றி மட்டும், "பாப்போம்" என்றார்.

3

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் இரண்டாம் ஓலை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மணமக்கள் பெயரை ஓலையாக வாசித்து, 'தடை இருந்தால் சொல்லலாம்' என்று ஃபாதர் கேட்பார். யாரும் சொன்னதில்லை. அன்று டயானாவின் அத்தை ஆனிமேரி எழுந்துவிட்டார்.

"ஃபாதர், புள்ள மூஞ்சியப் பாருங்க! கட்டுறதுக்கு முன்னாலயே இம்புட்டு அடின்னா, கட்டுனதுக்கப்புறம்?"

"அத்தே, அடிக்கல," என்றாள் டயானா, கோணிய வாயால். "கழுவுனாரு."

"எத?"

"பல்ல."

"பல்லக் கழுவுனா கன்னம் ஏன்டி கருக்குது?"

பின் பெஞ்சில் சிரிப்பு. ஜூடு எழுந்து நின்றான். "தப்பு எம்மேலதான் அத்தே. மருந்து வேரத் தாண்டிப் போயிருச்சு. நான் பாக்காம விட்டுட்டேன்."

சிரிப்பு நின்றது. மூன்றாம் ஓலையை டயானா சொன்னால்தான் வாசிப்பேன் என்று ஃபாதர் சொல்லிவிட்டார்.

வாசலில் டயானா ஜூடிடம் சொன்னாள்: "உதட்டுக்கு உணர்ச்சி வரட்டும். அதுவரைக்கும் கல்யாணப் பேச்சு வேணாம். டீ வேணா வாங்கிக் குடுங்க."

4

(இந்த இடத்தில் அவனை அவள் உதட்டில் முத்தமிட வைக்க ஆசைப்பட்டேன். அவளுக்கே தெரியாத முத்தம் யாருக்காக? விட்டுவிட்டேன்.)

வேலை முடிந்து தினமும் கடையில் டீ. அவள் மேலுதட்டில் நுரை ஒட்டும், அவளுக்குத் தெரியாது. ஜூடு தன் உதட்டைத் தொட்டுக் காட்டுவான், அவள் துடைப்பாள். கன்னத்துக் கருப்பு பச்சையாகி, மஞ்சளாகி, மறைந்தது. நுரை மட்டும் ஒட்டிக்கொண்டே இருந்தது.

ஒரு சாயங்காலம் அவன் கையை உயர்த்துவதற்குள் அவள் துடைத்துவிட்டாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"குறுகுறுங்குது," என்றாள்.

ஜூடு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"அழாதீங்க, எல்லாரும் பாக்குறாங்க. ஓலைய வாசிக்கச் சொல்லுங்க. ஆனா அடுத்த பல்லுக்கு வேற டாக்டர்."

5

மூன்றாம் ஓலை வாசித்தாகிவிட்டது. ஆனிமேரி கைகளை மடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். டயானா அடிக்கடி மேலுதட்டைக் கடித்துப் பார்த்துக்கொள்கிறாள், வலிக்கிறது என்ற சந்தோஷத்தில். 'தடை இருந்தால் சொல்லலாம்' என்று கேட்டுவிட்டு ஃபாதர் காத்திருக்கிறார்.

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. கடைசி பெஞ்சில் உங்களுக்கும் இடம் இருக்கிறது. தடை சொல்வதென்றால் எழுந்திருங்கள்.

நான் எழுந்திருக்க மாட்டேன்.