ஏழு மணிக் கார்டு

1.
கொலைக் கதை எனக்கு வராது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருந்தும் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், மறைமலை நகர்ப் பட்டறை ஒன்றில் பழைய சாமான்களோடு கிடந்த கார்டு அடிக்கும் இயந்திரம். அட்டையைச் செருகினால் வேலைக்கு வந்த நேரம் பதியும். செருகியது யார் என்பது பதியாது.

2.
முதல் தொடக்கம்: ‘1987. செம்பாக்கம் ஏரிக்கரையில் மனைத் தரகர் தோத்தாத்ரியின் உடல்…’

(வேண்டாம். பிணத்தில் தொடங்கினால் நீங்கள் கொலைகாரனைத் தேடுவீர்கள். தேட வேண்டாம், தனசிங்தான்.)

இரண்டாம் தொடக்கம்: சம்பந்தம் நல்லவன்.

(இது யார் தரும் சான்றிதழ்? அடித்துவிட்டேன்.)

தாம்பரத்தில் வண்டியைத் தவறவிட்டவனுக்கு, ஏழு மணி ஷிப்டில் இன்னொருவன் கார்டு அடித்துவிடுவது அந்தப் பட்டறையில் எல்லோரும் செய்கிற உதவி. சம்பந்தத்துக்குத் தனசிங் எத்தனையோ முறை அடித்திருக்கிறான். அந்த வியாழக்கிழமை சம்பந்தம் யோசிக்காமல் இரண்டு கார்டு அடித்தான், தன்னுடையதும் தனசிங்குடையதும். எட்டு மணிக்கு ஏரிக்கரையில் தோத்தாத்ரி செத்தார். பத்து மணிக்குத் தனசிங் பின்வாசல் வழியாக வந்தான்.

3.
மறுநாள் கேன்டீனில் தனசிங் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“மனைத் தகராறுல கை மிஞ்சிப்போச்சு மச்சான். நான் ஏழு மணிக்கே உள்ள கீறேன்னு கார்டு சொல்லுது. நீ வேற மாரி சொன்னா, அடிச்சது யாருன்னு கேப்பாங்க.”

மிரட்டினானா, கெஞ்சினானா? நான்கு முறை எழுதிப் பார்த்தேன். நான்கு முறையும் சம்பந்தம் டீயைக் குடிக்காமல் எழுந்து போனான்.

போலீஸ், அந்த மனைக்குக் காவல் இருந்த குப்பனைப் பிடித்து உள்ளே வைத்தது.

4.
குப்பனின் மனைவி கிளியம்மாள் சம்பந்தத்தின் தெருக்காரி. தெருவுக்கே மனு எழுதித் தருகிறவன் அவன். வேறு யாரிடம் போவாள்?

“அந்தாளு அன்னிக்கி ஜுரத்துல பட்த்துகினு இருந்தாரு சார். நான் சொன்னா, பொண்டாட்டி சொல்றான்றாங்க. நீ எய்து சார். உன் எய்த்துக்கு மரியாதி கீது.”

5.
ஒரு முடிவு: சம்பந்தம் கார்டு விஷயத்தை எழுதுகிறான், குப்பன் வீடு திரும்புகிறான். (எனக்கென்ன, எழுதிவிட்டேன். அவனுக்கு வேலை போகும். உடந்தை என்று வழக்கும் வரும். வீட்டில் இரண்டு பெண்கள்.)

இன்னொரு முடிவு: எழுதுவதில்லை. குப்பனுக்கு ஆயுள் தண்டனை. (இதையும் ஒரே வரியில் முடித்துவிட்டேன், வெட்கமாக இருக்கிறது. குப்பன் இந்தக் கதையில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பேசவிடாதது போலீஸ் அல்ல, நான்.)

6.
சம்பந்தம் ஜுரத்தை எழுதினான், கைக்குழந்தையை எழுதினான். நடுவில் கார்டு விஷயத்துக்கு ஒரு வரி இடம் விட்டுவிட்டு, ‘ஆகவே ஐயா அவர்கள்’ என்று கீழே தொடர்ந்தான். கிளியம்மாள் கட்டைவிரலில் மை தடவிக்கொண்டாள்.

“ஒரு தபா படிச்சிக் காட்டு சார். அப்பால வெக்கிறேன்.”

அவளுக்கு எழுத்து தெரியாது. அவன் எதைப் படித்தாலும் அதுதான் தாளில் இருக்கிறது என்று நம்புவாள். படித்துக்கொண்டே வந்தவன் அந்தக் காலி இடத்தில் நின்றான்.

“இன்னா சார், நின்ட்ட?”

அவன் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறான். எனக்கும் அதற்கு மேல் வரவில்லை. தாளை உங்களிடம் தருகிறேன். உங்களுக்குப் படிக்கத் தெரியும். விரலில் மை காய்வதற்குள் படியுங்கள், கிளியம்மாள் காத்துக்கொண்டிருக்கிறாள்.