ஆணியில் மாட்டிய வளையங்கள்

“கொஞ்சம் சாய்ச்சுப் பிடிப்பா, அடுப்புல இடிக்குது” என்று சவப்பெட்டிக்கடை டிபெட்ஸ் தன் ஆளை அதட்டினார். ஸ்ட்ரெச்சர் குளிர்காயும் இரும்படுப்பைச் சுற்றித் திரும்ப மறுத்தது. அப்பாவின் காலில் சூடு பட்டுவிடப்போகிறதே என்று பதறி மார்லீன் குறுக்கே கையைக் கொடுத்தாள். அடுப்பு ஐஸாகக் குளிர்ந்து கிடந்தது.

விறகுப் பெட்டியில் பட்டைத் தூள்தான் மிச்சம். டிபெட்ஸ் அடுப்பின் மேலிருந்த கெட்டிலை நகர்த்தினார். உள்ளே தண்ணீர் உறைந்து கட்டியாகி, கடக்கென்று உருண்டது. ராத்திரி போனை எடுக்கவில்லையே என்று விடிந்ததும் காரில் ஓடிவந்தவள் மார்லீன். வந்து பார்த்தால் கம்பளியைச் சுற்றிக்கொண்டு நாற்காலியிலேயே அப்பா போயிருந்தார். மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தாயிற்று. மாரடைப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

“இப்ப குழி வெட்ட முடியாதும்மா. தரை பாறையா இறுகிடுச்சு. மே மாசம் வரைக்கும் கல்லறைத் தோட்டத்துக் கல்லு ரூம்லதான் வைக்கணும்.”

“தெரியும். அம்மாவையும் அங்கதானே வச்சிருந்தோம்.”

டிபெட்ஸின் கண் அடுப்புக்குப் பின்னால் போயிற்று. ஆணியில் கொத்தாகக் கம்பி வளையங்கள் தொங்கின. “இது என்னம்மா?”

“அப்பாவுக்கு ஊர் செஞ்ச மரியாதை” என்றாள்.

அம்மா இறந்தபோது இருவர் பெயரையும் ஒரே கல்லில் வெட்டினார்கள். அமெரிக்காவில் இந்த மேய்ன் பக்கத்தில் அது வழக்கம்தான். அப்பாவுக்கு லூசியன் பெல்கி, வியட்நாம் போர்வீரர், பிறந்த வருஷம், பிறகு ஒரு கோடு. கோட்டுக்கு அப்பால் வெறுங்கல். டிசம்பரில் படைவீரர் கல்லறைகளுக்குப் பசுந்தழை வளையம் வைக்க வருகிற கூட்டம் இறந்த வருஷம் இல்லாததையெல்லாமா பார்க்கும்? வளையத்தைச் சாத்தி, பெயரை உரக்கச் சொல்லி, தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போயிற்று. அப்பா நேரே போய்ப் படைவீரர் சங்கச் செயலாளர் ஹார்லனிடம் சொன்னார். ஹார்லன் விழுந்து விழுந்து சிரித்தார். “இருக்கட்டும் லூசியன், என்னைக்கா இருந்தாலும் போடப்போறதுதானே!”

அதற்கப்புறம் வருஷா வருஷம் அந்த வேடிக்கைதான். கூட்டம் கலைந்ததும் அப்பா போய்த் தன் வளையத்தைத் தூக்கிக்கொண்டு வருவார். விறகு தீர்ந்த அன்றைக்கு அதை அடுப்பில் திணிப்பார். தழை எரிந்து மிஞ்சுகிற கம்பி வளையத்தை ஆணியில் மாட்டுவார். “என் கல்லைப் பாக்க ஊரே திரண்டு வருது. வீட்டுக்குத்தான் ஒரு நாயும் எட்டிப் பாக்கல” என்று சிரிப்பார். போன மாதம் சிரிக்கவில்லை. “நான் நெசமா செத்த வருஷம் மட்டும் அதை அங்க விட்டு வைக்காத மார்லீன். சத்தியம் பண்ணு.” மார்லீன் பண்ணினாள்.

தன்னோடு வந்து இருக்கச் சொன்னால் மாட்டேன் என்கிற பிடிவாதக்காரர். அதனால்தான் எதிர்வீட்டு ஹார்லனுக்கு அவள் போன் செய்தாள். சங்கத்துக் கொட்டகையில் விறகு கூரை முட்டக் கிடக்கிறது, கொஞ்சம் அப்பாவுக்குப் போடுங்கள் என்று கெஞ்சினாள். “வளைய வேலை தலைக்கு மேல கெடக்குதும்மா. முடியட்டும், கமிட்டியில பேசிட்டுச் சொல்றேன்” என்றார். இன்றைக்குத்தான் அந்த வளைய நாள்.

கல்லறைத் தோட்டத்தில் முழங்கால் வரை பனி. அப்பா அம்மா பெயர் வெட்டிய கல்லுக்கு முன்னால் கூட்டம் நின்றது. சிவப்பு ரிப்பன் கட்டிய வளையம் ஏற்கெனவே சாத்தியாகிவிட்டது. ஹார்லன் கையை நீட்டிக்கொண்டு வந்தார்.

“வாம்மா மார்லீன். இப்பதான் டிபெட்ஸ் சொன்னார். மனசே ஆறல. இந்தத் தடவை உங்கப்பாவுக்கு விசேஷமா செய்யறோம். ஊதுகுழல்கூட ரெண்டு தரம் ஊதச் சொல்லியிருக்கேன்.”

“விறகு விஷயம் கமிட்டியில பேசினீங்களா?”

ஹார்லன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். “அது வந்தும்மா... அடுத்த வாரம்...”

“அப்பாவால அடுத்த வாரம் வரைக்கும் தாக்குப்பிடிக்க முடியலை. மன்னிச்சுக்குங்க.”

மார்லீன் குனிந்து வளையத்தை எடுத்தாள்.

“ஐயையோ, அதைத் தொடாதம்மா. அது மரியாதைக்கு வச்சது” என்று தேவாலயத்தில் பாடுகிற கிளாடிஸ் பதறினாள்.

“உங்க மரியாதையைத்தான் வருஷா வருஷம் எரிச்சு எங்கப்பா குளிர் காஞ்சாரு.”

ஊதுகுழல்காரன் ஹார்லனைப் பார்த்தான், ஹார்லன் தரையைப் பார்த்தார். மார்லீன் வளையத்தைக் கையில் இறுக்கிக்கொண்டு திரும்பினாள். அழுதாலும் இவர்கள் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். காருக்கு அவள் வந்து சேர்ந்த பிறகுதான் பின்னால் அடுத்த பெயரை வாசிக்க ஆரம்பித்தார்கள்.

வீட்டில் அப்பாவின் நாற்காலி அப்படியே இருந்தது, கம்பளி தரையில் சரிந்திருந்தது. அவள் ரிப்பனை உருவிப் போட்டுவிட்டு வளையத்தை அடுப்பில் திணித்துத் தீக்குச்சியைக் கிழித்தாள். பச்சைத் தழை முதலில் புகைந்தது, அப்புறம் பிசின் பிடித்துக்கொண்டு படபடவென்று எரிந்தது. கெட்டிலை அடுப்பின் மேல் வைத்துவிட்டு, கோட்டைக் கழற்றாமல் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். முகத்தில் சூடு பட்டது. அப்பா அப்பா என்று அழுதாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது அடுப்பு அணைந்திருந்தது. கம்பியை இடுக்கியால் எடுத்து, ஆறவிட்டு, மற்றவற்றின் மேல் ஆணியில் மாட்டினாள். கெட்டிலைத் தூக்கி ஆட்டிப் பார்த்தாள். கட்டி கடக்கென்று உருண்டது.