புகை நின்ற இடம்

என் தங்கை புருஷன் ஆதித்தனுக்குக் கார் என்றால் கிறுக்கு. எஸ்டேட் துரை ஒருவன் சீமைக்குப் போகும்போது தள்ளிவிட்ட ஓட்டை வண்டியை வாங்கிவந்து, பண்பொழியே தன்னைப் பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தான். ஊர் பார்த்ததெல்லாம் பின்னால் வந்த புகையைத்தான். மாப்பிள்ளை என்று மரியாதை கொடுத்த காலம் போயிற்று. எனக்கு இனி அவன், இவன்தான்.

தங்கை தங்கத்தாய்க்கு அது நிறைமாதம். தென்காசியில் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது, மெக்கானிக் துல்கர்னைன் பட்டறையில் வண்டியை நிறுத்தினான். துல்கர்னைன் குற்றாலச் சாலை மேட்டில் வண்டியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். புகைக்குழாய் வாயில் வெள்ளைத் துணியைப் பிடித்து, படிந்த பிசுக்கை மோந்தார்.

"இறக்கத்துல வந்துட்டு மிதிக்கும்போது மட்டும் புகைஞ்சா வால்வுன்னு சொல்லலாம் அண்ணாச்சி. இது மேட்டுல ஏற ஏற நீலமாத் தள்ளுது. பிஸ்டன் ரிங்கு தேஞ்சு போச்சு. எஞ்சின் ஆயிலைக் குடிச்சுக்கிட்டே இருக்கு."

"புது ரிங்கு எப்பக் கிடைக்கும்?"

"சீமைச் சண்டை முடிஞ்சு கப்பல் வரணும். அதுவரைக்கும் இந்த ஆயில் டின்னு வண்டியிலயே கெடக்கட்டும். வழியில நிப்பாட்டி நிப்பாட்டி ஊத்துங்க. புகை வருத வரைக்கும் உள்ள ஆயில் இருக்குன்னு அர்த்தம். திடீர்னு நின்னுச்சுன்னா வண்டியை அங்கனயே நிப்பாட்டிருங்க."

பின் சீட்டில் இருந்த என் காதில் ஒவ்வொரு சொல்லும் விழுந்தது. அவன் விளக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மறுவாரம் விடியற்காலையில் தங்கத்தாய்க்கு வலி கண்டது. மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் கையை எடுத்துவிட்டாள்.

"புள்ள குறுக்க கெடக்கு தாயி. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க."

தங்கத்தாயை வண்டியில் ஏற்றும்போது அவள் மாமியார் வடிவம்மாள் ஆயில் டின்னைப் பார்த்துவிட்டாள்.

"ஏலே ஆதித்தா, பேறுகாலத்துக்குப் போற வண்டியில எண்ணெயக் கூட்டிக்கிட்டா போவ? எதிர வந்தாலே ஆகாதுலே!"

"அது வண்டிக்கு ஊத்துத எண்ணெ அத்தை" என்றேன்.

"எண்ணெ எண்ணெதான்" என்று டின்னைத் தூக்கி முற்றத்தில் வைத்தாள். எங்கள் ஊர் மலைமேல் இருக்கும் முருகன் திருமலைக் குமாரனுக்கு நேர்ந்த காசை மஞ்சள் துணியில் முடிந்து வண்டியில் கட்டினாள்.

"நேத்துதான் ஊத்துனேன் மதினி, தாங்கும்" என்றான் அம்மா பிள்ளை. தங்கத்தாய் என் தோளைப் பிடித்து அலறினாள். சண்டை போட நேரமில்லாமல் ஏறினேன்.

தென்காசி வரை புகையோ புகை. திரும்பித் திரும்பிப் பார்த்தேன். வந்துகொண்டிருந்ததே எனக்கு நிம்மதியாக இருந்தது. பாவூர்சத்திரம் தாண்டியதும் பார்த்தேன், சாலை பளிச்சென்று தெரிந்தது.

"பாத்தீங்களா மதினி! புகை நின்னுட்டு! முருகன் கண்ணத் தொறந்துட்டான்!"

"ஐயோ, நிப்பாட்டுங்க! துல்கர்னைன் என்ன சொன்னாரு?"

"நிப்பாட்டி என்ன ஊத்த? சும்மா இருங்க மதினி. சாமி காரியம்." இன்னும் வேகமாக மிதித்தான்.

அதுவும் சரிதான், ஊற்றுவதற்கு ஒன்றுமில்லை. பாவூர்சத்திரம் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தால் ஒரு மாட்டு வண்டியாவது கிடைத்திருக்கும். கொஞ்ச தூரத்தில் எஞ்சினுக்குள் இரும்பை இரும்பு அடிப்பதுபோல் கேட்டது. பிறகு ஒரு கிறீச்சல். வண்டி உதறி நின்றது. இரண்டு பக்கமும் பனங்காடு, ஆள் நடமாட்டமே இல்லை.

அவன் எஞ்சின் மூடியைத் திறந்து, ஆயில் பார்க்கும் கம்பியை உருவி வேட்டியில் துடைத்தான். வேட்டியில் கறையே படவில்லை. எஞ்சினையே பார்த்தபடி நின்றான்.

தங்கத்தாய் மட்டும் அலறிக்கொண்டிருந்தாள். "அக்கா, வந்துட்டமா? அக்கா..." இருட்டும்வரை இப்படியே கிடக்க வேண்டியதுதானா என்று சாலையின் இரு முனையையும் பார்த்தேன். ஒரு தூசிகூட எழவில்லை.

வெயில் ஏறியது. என் கையை நெரித்துக்கொண்டிருந்த அவள் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அலறலும் நின்றது.

முன்னால் நின்றவன் நிமிர்ந்தான். முகத்தில், புகை நின்றபோது இருந்த அதே சந்தோஷம்.

"வலி நின்னுட்டு போல, மதினி" என்றான்.